பனிக்குள் காளான் படுக்கை: இழை பிழைக்குமா?

மார்க்கம் தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கத்தில் இருக்கிறேன். வசந்தத்தில் பின்வளவு மேப்பிள் மரத்துக்குக் கீழே மரச்சில்லு பரப்பி வைன் கேப் காளான் வித்துப் போட்டேன். செப்ரெம்பரில் கருஞ்சிவப்புத் தொப்பியோடு நன்றாகவே எழும்பியது. பொரித்தும் சாப்பிட்டோம், குழம்பும் வைத்தோம். பிள்ளைகளுக்கு இறைச்சி இல்லை என்று சொன்னால் நம்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மண்வெட்டியால் படுக்கையின் ஓரத்தைக் கிளறிப் பார்த்தால் மேல் சில்லு முழுக்க ஒரே கட்டியாய் உறைந்து கிடக்கிறது. உடைத்தெடுத்த துண்டில் வெள்ளை இழை (சில்லுக்குள் படர்ந்திருக்கும் காளானின் உடல்) சில்லோடு ஒட்டினபடியே இருக்கிறது. ஆனால் இழைக்கு நடுவே எல்லாம் பொடி ஐஸ். விரலால் அழுத்தினால் நறநறவென்று நொறுங்குகிறது. அடுத்த கிழமை −22 என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தடித்த பொலித்தீன் போட்டு மூடச் சொல்கிறார். மச்சான், தோண்டிப் பெட்டியில் போட்டு கராஜுக்குள் வை என்கிறான். இரண்டும் இல்லாமல் விட்டால் செத்துவிடுமா? வேலியில் சாத்தி வைத்த ஷிடாகே காளான் கட்டைகளும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

மினியாபோலிஸ் மணி:

மூடவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம். அப்படியே விடுங்கள். இங்கே −30 வரை போகும். என் வைன் கேப் படுக்கை அதையெல்லாம் பார்த்துவிட்டு ஜூனில் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

சந்தேகப்பிராணி:

மணி சார், உங்கள் வீட்டில் வருகிறது, சந்தோஷம். ஆனால் எப்படி என்று யாராவது சொல்லுங்களேன். நீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இழை என்பது நீர் நிரம்பிய மெல்லிய குழாய். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது −22-இல் வெடித்துச் சிதறாமல் இருக்க ஏதாவது காரணம் இருக்க வேண்டும் அல்லவா? ஒருவேளை உங்கள் படுக்கையில் ஒவ்வொரு வருடமும் பழைய இழை செத்து, காளான் தொப்பி உதிர்த்த வித்துத்தூளிலிருந்து புதிதாக முளைக்கிறதோ என்னவோ.

நுண்ணோக்கி:

நியாயமான கேள்வி. காளான் உள்ளிட்ட பூசணங்களோடுதான் எனக்கு வேலை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நீர் உறைந்தால் விரியும், சரி. எந்த நீர் முதலில் உறைகிறது என்று பாருங்கள். சில்லுக்கும் இழைக்கும் இடையில் நிற்பது ஏறக்குறைய மழைநீர். அதில் தூசி, பாக்டீரியா எல்லாம் கிடக்கும். ஐஸ் படிகம் தொடங்க அவை பிடிமானம் கொடுப்பதால், 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கியதுமே அது உறைந்துவிடும். இழைக்குள் இருப்பதோ சர்க்கரை, உப்பு, புரதம் எல்லாம் கரைந்த திரவம். ஒரு கிலோ நீரில் ஒரு மோல் சர்க்கரை கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். ஆகவே வெளியே ஐஸ் வந்த பிறகும் உள்ளே சிறிது நேரம் திரவமாகவே இருக்கும். வெளியே ஐஸ், உள்ளே நீர் என்று ஆனதும் நீர் சும்மா இருக்காது. செல்லைச் சுற்றிய சவ்வு வழியாகக் கசிந்து போய் ஐஸோடு சேரும். செல் சுருங்கும். மிஞ்சுகிற திரவம் இன்னும் கெட்டியாகும், அதன் உறைநிலை இன்னும் இறங்கும். வெளியே குளிர் கூடக் கூட இது தொடர்ந்து நடந்து, கடைசியில் இழைக்குள் உறைவதற்கென்று நீரே அநேகமாக மிஞ்சாது.

மார்க்கம் நண்பர் கையில் நொறுக்கிய அந்தப் பொடி ஐஸ் பெரும்பாலும் இழைக்கு வெளியே உருவானது. இழையைப் பொறுத்தவரை அது குளிர் என்பதைவிட வறட்சி. கோடையில் கட்டை காயும்போது தாக்குப்பிடிக்க எதை எடுக்கிறதோ, அதையேதான் இங்கும் எடுக்கிறது.

முதலில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது. பேக்கரியில் விற்கும் உலர் ஈஸ்ட் மாதக்கணக்கில் பாக்கெட்டில் காய்ந்து கிடந்தும் வெதுவெதுப்பான நீர் பட்டதும் எழுந்து நுரைக்கிறதே, அதற்கு முக்கியக் காரணமும் இதுதான். நீர் போன இடத்தில் சவ்வையும் புரதத்தையும் இது தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கூடவே மானிட்டால், அரபிட்டால், கிளிசரால். இலையுதிர் காலத்தில் குளிர் மெல்ல மெல்ல ஏறும்போதே இவற்றைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

அடுத்தது சவ்வின் கொழுப்பு. மார்கழி மாதம் நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், இரண்டாவதில் நிறைவுறாத கொழுப்பு அதிகம். குளிர் வரும்போது இழை தன் சவ்வில் நிறைவுறாத கொழுப்பின் பங்கைக் கூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் சவ்வு விறைத்து ஓட்டை விழும்.

மூன்றாவதாக ஐஸைப் பிடிக்கும் புரதங்கள். எனோகி, ஷிடாகே காளான்கள் இரண்டிலும் இவை இருப்பதாக 2009-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. இவை உறைவதைத் தடுப்பதைவிட, உருவான சின்னப் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் பார்த்துக்கொள்கின்றன. ஐஸில் ஆபத்தானது பெரிய படிகம்தான்.

இனி வேகம். மெதுவாகக் குளிர்ந்தால் செல்லிலிருந்து நீர் வெளியேற அவகாசம் கிடைக்கும். சட்டென்று குளிர்ந்தால் கிடைக்காது, உள்ளேயே படிகம் உருவாகும், செல் செத்துவிடும். ரொம்ப மெதுவாகப் போனாலும் நீண்ட நேரம் உப்புக் கரைசலில் கிடந்து கெடும். இந்த இரண்டு பக்கச் சேதத்தையும் சேர்த்து விளக்கியவர் பீட்டர் மாஸர், 1972-இல். ஆய்வகத்தில் காளான் இழையைச் சேமிக்கும்போது 10 சதவீதம் கிளிசராலில் போட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் குளிர்வித்து, பிறகு −196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவோம். வருடக்கணக்கில் இருக்கும். உங்கள் மரச்சில்லுப் படுக்கை ஒரு டிகிரி இறங்கவே பல மணி நேரம் எடுக்கும். நீர் வெளியேற அது தாராளம்.

இன்னொன்று. இழை ஒரே நீளக் குழாய் கிடையாது. நடுநடுவே குறுக்குச் சுவர் உண்டு, அதில் துளை உண்டு, ஆபத்து வந்தால் துளையை அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் சில செல்கள் வெடித்தாலும் சேதம் அங்கேயே நிற்கும். வசந்தத்தில் மிஞ்சின துண்டுகளிலிருந்து மறுபடி படரும். மணி சாரின் படுக்கையில் வித்துத்தூள் புதிதாக முளைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மார்க்கம் தோட்டம்:

நன்றி ஐயா. நல்லா விளங்குது. ஆனால் அந்த "மெதுவாக" என்பதுதான் இடிக்குது. நேற்றுப் பகல் +3, இரவு −14. ஒரே இரவில் 17 டிகிரி.

மினியாபோலிஸ் மணி:

அது காற்றின் வெப்பநிலை. படுக்கைக்குள் வேறு கணக்கு. நான் இறைச்சிக்குள் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்றைச் சில்லுக்குள் நட்டு வைத்திருக்கிறேன் (வீட்டில் அம்மா தேடிக்கொண்டிருக்கிறார், சொல்லிவிடாதீர்கள்). வெளியே −27 இருந்த காலையில், முழங்கால் அளவு பனிக்குக் கீழே, சில்லுக்குள் அரைச்சாண் ஆழத்தில் −2 காட்டியது.

புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அதைத் தாண்டிக் குளிர் இறங்குவது கஷ்டம். கீழே மண்ணில் கோடையின் சூடு இன்னும் மிச்சம் இருக்கிறது, அது மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊரில் வீட்டு அத்திவாரத்தை 1.2 மீட்டர் இறக்கிப் போடச் சொல்வார்களே, உறைவு அதற்குக் கீழே போகாது என்பதால்தான். பனி மூடிய இடத்தில் அந்த ஆழம்கூடப் போகாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். உங்கள் படுக்கையில் 50 கிலோ நீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது முழுக்க உறைவதற்குள் 1000 வாட் ஹீட்டரை நாலரை மணி நேரம் ஓட்டிய அளவு வெப்பம் வெளியேற வேண்டும். அது முடியும் வரை வெப்பநிலை 0-ஐ விட்டு நகராது. அதனால்தான் நான் மண் உறைவதற்கு முன், நவம்பரில் ஒரு நாள், படுக்கை சொட்டச் சொட்ட நீர் விடுவேன். காய்ந்த சில்லு சீக்கிரம் குளிரும், ஈரச் சில்லு அடம்பிடிக்கும்.

சந்தேகப்பிராணி:

சரி. பனி இல்லாத வருடம் என்றால்?

ஒஸ்லோ அகிலா:

அந்தக் கேள்விக்குத்தான் வந்தேன். மணி தம்பி சொல்வதெல்லாம் பனி ஒழுங்காக விழுந்து ஒழுங்காகக் கிடக்கும் ஊருக்குச் சரி. எங்கள் பக்கம் டிசம்பரில் மழை, அடுத்த நாள் உறைவு, பிறகு மறுபடி மழை. தொடர்ந்து −25 இருந்தால் எனக்குக் கவலையில்லை. +4க்கும் −6க்கும் இடையில் ஊஞ்சலாடுவதுதான் இழையைக் கொல்வது. ஒவ்வொரு முறை உருகும்போதும் இழை நீரை உள்ளே இழுத்து உப்பி, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கத் தொடங்கும். உடனே மறுபடி உறைவு வந்தால் அரைகுறை ஆயத்தத்தோடு அகப்படும். உருகி உறையும்போது படிகமும் பெரிதாகும், மேலே நுண்ணோக்கி எழுதியிருக்கிறார்.

சிப்பிக் காளானை வாளிகளில் வைக்கோல் அடைத்துப் போட்டு பல்கனியில் வைத்தேன். அதே வித்தில் மிச்சத்தைத் தோட்டத்தில் பேர்ச் மரச்சில்லுக்குள்ளும் புதைத்தேன். தோட்டத்தில் இருந்தது வந்தது. வாளியில் இருந்தது வசந்தத்தில் தண்ணீராய் நாறிக் கிடந்தது. வாளிக்கு நாலு பக்கமும் அடியும் காற்று. மண்ணின் சூடு கிடையாது, பனிப் போர்வையும் கிடையாது. ஒவ்வொரு ஊசலாட்டத்தையும் அது முழுசாக வாங்கிக்கொள்ளும். ஆகவே மார்க்கம் தம்பி, மச்சான் சொன்னபடி தோண்டிப் பெட்டியில் போட்டீர்களோ, நல்லாய் இருக்கிற இழையை நீங்களே வாளிக்கு அனுப்புகிறீர்கள். சூடில்லாத கராஜும் பகலில் வெயிலுக்கு ஏறி இரவில் இறங்கும்.

பொலித்தீனும் வேண்டாம். பெப்ரவரி வெயிலில் அதற்குக் கீழே உருகும், இரவில் உறையும். மார்ச்சில் மூச்சு முட்டிப் பச்சைப் பூசணம் பிடிக்கும். மூடத்தான் வேண்டும் என்றால் உதிர்ந்த இலை, வைக்கோல், இல்லாவிட்டால் நத்தார் முடிந்து தெருவில் எறிகிற ஸ்ப்ரூஸ் மரத்தின் கிளைகள். கிளை பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றும் போய் வரும்.

மினியாபோலிஸ் மணி:

கிளையெல்லாம் அவசியமே இல்லை அக்கா. இரண்டு அங்குலம் புதுச் சில்லு போட்டால் போதும்.

ஒஸ்லோ அகிலா:

உமக்கு அவசியமில்லை. உம்முடைய ஊரில் பனி ஏப்ரல் வரை கிடக்கும்.

மார்க்கம் தோட்டம்:

இடையில் ஒரு கேள்வி. போன ஏப்ரலில் பனி உருகினபோது புல்தரையில் வட்ட வட்டமாய் வெள்ளை வலை விரித்த மாதிரி இருந்தது, புல்லெல்லாம் படுத்துச் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. படுக்கையில் இருக்கிற வைன் கேப் புல்லுக்குள் ஓடி வருமா?

ஒஸ்லோ அகிலா:

அது வைன் கேப் இல்லை. பனிப் பூசணம். இங்கே கோதுமை விதைக்கிறவர்களைக் கேட்டால் கெட்ட வார்த்தையோடு சொல்வார்கள். டிஃபுலா, மைக்ரோடோக்கியம் என்று சில இனங்கள். பனிக்குக் கீழே 0 டிகிரியில் இருட்டில் கிடக்கும் புல்லுக்கு வெளிச்சம் இல்லை, உணவு தயாரிக்க வழியில்லை, சேமிப்பு கரைந்துகொண்டே போகும். அந்த நேரம் பார்த்து இவை தின்னும். மற்றப் பூசணங்கள் உறங்குவதால் போட்டிக்கும் ஆள் இல்லை. குளிர்காலம்தான் இவற்றுக்கு வளரும் பருவம். டிஃபுலா கடுகு போன்ற கட்டி முடிச்சாகச் சுருங்கிக் கிடந்து கடத்துவது கோடையை! ஏப்ரலில் புல்லை வாரி விட்டால் வெயிலில் தானே போய்விடும். மருந்தொன்றும் அடிக்காதேயும்.

நுண்ணோக்கி:

அகிலா சொன்ன டிஃபுலா இஷிகாரியென்சிஸ்தான் ஐஸ் புரத ஆய்வில் பெயர் பெற்றது. தன் புரதத்தை இழைக்கு வெளியே சுரந்து, சுற்றியிருக்கும் நீரில் ஐஸின் வடிவத்தையே மாற்றும். ஜப்பானில் ஹொக்கைடோவில் இதன்மீது நிறைய வேலை நடந்திருக்கிறது.

பனிக்குக் கீழே எல்லாம் உறங்குகிறது என்ற எண்ணமே அவ்வளவு சரியில்லை. கொலராடோவில் நைவட் ரிட்ஜ் என்ற மலைப் பகுதியில் மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மண்ணில் நுண்ணுயிர்களின் மொத்த எடை உச்சத்துக்கு வந்தது குளிர்காலக் கடைசியில், பனிக்கு அடியில். அதில் பெரும்பகுதி பூசணம், அதுவரை யாரும் அறியாத கிளைகள் உட்பட. மண் துகளைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் நீர் 0-க்குப் பல டிகிரி கீழேயும் திரவமாகவே இருக்கும். அதுவே அவற்றுக்குப் போதும்.

வைன் கேப் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அது சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

கோவை வித்துக்கூடம்:

கோயமுத்தூரிலிருந்து எழுதுகிறேன். காளான் வித்து தயாரிப்பதுதான் தொழில். நீங்கள் −22, −30 என்று பேசுவதைப் படிக்கும்போது எங்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பொறாமை. இங்கே சில காளான்களுக்கு ஃப்ரிட்ஜே எமன்.

வைக்கோல் காளான் இழையைச் சோதனைக்குழாயில் வளர்த்து, மற்ற ரகங்களோடு சேர்த்து 4 டிகிரியில் வைத்துப் பாருங்கள். சில நாளில் வெள்ளைப் பஞ்சு படிந்து, கசிந்து, குழாயின் அடியில் மஞ்சள் தண்ணீர் நிற்கும். வெளியே எடுத்து வைத்தாலும் திரும்பாது. அங்கே ஐஸே உருவாகவில்லை, கவனியுங்கள். 4 டிகிரியில் நீர் உறையாது. ஆனாலும் சாகிறது. அதனால் புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம், இந்த ரேக்கில் இருப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஃப்ரிட்ஜில் வைக்காதே என்று.

பால் காளானும் சூட்டுப் பிரியன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் பிரமாதமாக வரும். சித்திரை வெயிலில் சிப்பிக் காளான் படுக்கை எல்லாம் சுணங்கும்போது எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். இளஞ்சிவப்புச் சிப்பியும் குளிர் தாங்காத சாதி. கனடாவில் இருக்கும் நண்பர்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போகும்போது பால் காளான் வித்து கேட்கிறார்கள். வெளிநாட்டுக்கு அப்படிக் கொண்டுபோகவும் கூடாது, கொண்டுபோனாலும் உங்கள் தோட்டத்தில் ஒரு அக்டோபரைத் தாண்டாது.

சந்தேகப்பிராணி:

ஊட்டியில் உறைபனி விழுகிறதே. அங்கே காட்டுக் காளான் எல்லாம் எப்படி?

கோவை வித்துக்கூடம்:

அங்கே டிசம்பர், ஜனவரியில் விடிகாலை புல்வெளி வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், தேயிலையும் உருளைக்கிழங்கும் போட்டவர்கள் தலையில் கை வைப்பார்கள். ஆனால் அது இலைமேல், புல்மேல் மட்டும். ஒன்பது பத்து மணி வெயிலில் போய்விடும். மண்ணுக்குள் உறைவு இறங்க நேரமே இல்லை. கீழே இருக்கும் இழைக்கு உறைபனி விழுந்த செய்தியே போய்ச் சேராது.

நுண்ணோக்கி:

வைக்கோல் காளான் விஷயத்தைக் கோவை நண்பர் எழுதியது நல்லதாயிற்று. குளிரில் சாவது இரண்டு வகை. ஒன்று ஐஸால், அதாவது நீர் போவதால். மற்றது ஐஸுக்கு முன்னமேயே, வெறும் குளிரால். வெப்பப் பகுதிக் காளானின் சவ்வு 4 டிகிரியிலேயே விறைத்துவிடும். செல்லுக்குள் தனித்தனி அறைகளில் அடைத்து வைத்த நொதிகள் கசிந்து வெளியே வந்து செல்லையே செரித்துவிடும். அதுதான் குழாயின் அடியில் நிற்கும் மஞ்சள் தண்ணீர். அதற்கு நிதானமாகப் பழக்கிக்கொள்ளும் வழியே இல்லை, அதன் ஊரில் அதற்குத் தேவையும் வந்ததில்லை.

சந்தேகப்பிராணி:

ஒரு குளிர்காலம் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வருடா வருடம், பத்து வருடம், நூறு வருடம்? ஒவ்வொரு குளிரிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்துகொண்டே போகாதா?

நுண்ணோக்கி:

மிச்சிகனில் கிரிஸ்டல் ஃபால்ஸ் என்ற ஊருக்கு அருகில் ஒரு காடு. அங்கே ஆர்மில்லேரியா கேல்லிகா என்ற காளான், தேன் காளான் வகை. வேறு வேறு இடங்களில் எடுத்த மாதிரிகள் எல்லாம் மரபணுவில் ஒன்றாக இருந்தன. ஒரே உயிர் மண்ணுக்கடியில் பரவியிருக்கிறது என்று 1992-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், உங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகக்காரர்தான், மார்க்கம் நண்பரே. அப்போது வயதைக் குறைந்தது 1,500 ஆண்டு என்றார்கள். பிறகு திரும்பப் போய் மாதிரி எடுத்து மதிப்பிட்டு 2018-இல் வெளியிட்டதில் 2,500 ஆண்டு என்றும் எடை சுமார் 400 டன் என்றும் வந்தது. அந்தப் பக்கம் ஜனவரியில் −20 என்பது பெரிய செய்தி கிடையாது. அப்படி 2,500 குளிர்காலம். மரபணுவில் இத்தனை காலத்துக்கும் சேர்த்து மிகக் கொஞ்சம் மாற்றமே இருந்தது.

ஆர்மில்லேரியாவிடம் ஒரு கூடுதல் வசதி. இழைகளைக் கற்றையாகத் திரித்து, மேலே மெலனின் ஏறிய கறுப்புத் தோல் போட்டு, ஷூ நாடா தடிமனில் மண்ணுக்குள்ளும் மரப்பட்டைக்கு அடியிலும் ஓடவிடும். உள்ளே இருக்கும் இழை காயாது. உங்கள் வைன் கேப்பும் வெள்ளைக் கயிறு மாதிரித் திரிக்கும், கறுப்புத் தோல்தான் கிடையாது.

மார்க்கம் தோட்டம்:

அடேயப்பா. அப்போ படுக்கையைப் பற்றிக் கவலையில்லை, விட்டுவிடுகிறேன். ஷிடாகே கட்டைகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? ஓக் கட்டை, சித்திரையில் துளைபோட்டு முளை வித்து (இழை ஏறிய சின்ன மர முளை) அடித்து மெழுகு பூசினது.

மினியாபோலிஸ் மணி:

சித்திரையில் அடித்தது என்றால் நல்லது. கோடை முழுக்க ஓடிப் பிடித்திருக்கும். இலையுதிர் காலத்தில் அடித்திருந்தால், முளையைச் சுற்றி மட்டும்தான் இழை இருக்கும், முதல் குளிர்காலம் ஆபத்து. அப்படிப்பட்ட கட்டையை மட்டும் கராஜில் வைக்கலாம்.

ஆனால் வேலியில் சாத்தி வைக்காதீர்கள். கட்டைக்கு எதிரி காற்று. ஐஸ் உருகாமலேயே நேராக ஆவியாகும். குளிர்காலக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டையின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே இழை திணறத் தொடங்கும். ஷிடாகே வடக்கு அமெரிக்காவில் செத்துப்போவது பெரும்பாலும் குளிரால் என்று சொல்வார்கள். நான் பார்த்த வரையில் காய்ந்துதான் செத்திருக்கிறது. கட்டையைப் படுக்கப் போடுங்கள், அடியில் இரண்டு குச்சி வைத்து, மண்ணில் நேராகப் படாமல். வீட்டின் வடக்குப் பக்கம், நிழலில். தெற்குப் பக்கம் வைத்தால் பெப்ரவரி வெயிலுக்குப் பட்டை சூடாகி இரவில் சுருங்கி வெடிக்கும். பட்டை போன கட்டை ஈரத்தைப் பிடிக்காது. பாதை வழிக்கும்போது வரும் பனியை அதன்மேல் கொட்டுங்கள். உப்புப் போட்ட பாதையின் பனி மட்டும் வேண்டாம்.

ஒஸ்லோ அகிலா:

இதில் நான் மணி தம்பியோடு ஒத்துப்போகிறேன், ஆச்சரியம்தான். மேலே ஒரு சாக்குத் துணி போட்டால் இன்னும் நல்லது.

கட்டை என்றதும் ஒன்று நினைவு வந்தது. 0-க்குச் சற்றுக் கீழே, காற்றில்லாத ஈரமான காலையில், இலையுதிர் மரக்காட்டுக்குள் போனால் விழுந்து கிடக்கும் பட்டையில்லாத குச்சியிலிருந்து வெள்ளை முடி முளைத்திருக்கும். வாரி விட்ட கூந்தலாய், ஒவ்வொரு இழையும் 0.01 மில்லிமீட்டர் அளவு மெல்லிசு. முதலில் நானும் பூசணம் என்றுதான் குனிந்தேன். மூச்சு பட்டதும் காணாமல் போனது. ஐஸ்! கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகெனர்தான் 1918-இல் இதற்குக் காரணம் கட்டைக்குள் இருக்கும் பூசணமாக இருக்க வேண்டும் என்று எழுதியவர். 2015-இல் எக்ஸிடியோப்ஸிஸ் எஃப்யூஸா என்று ஆளையே பிடித்துவிட்டார்கள். கட்டையைக் கொதிக்க வைத்துப் பூசணத்தைக் கொன்றால் முடி வராது, சாதாரண ஐஸ் தட்டுதான் வரும். வெறும் குளிரில் விறைத்துக் கிடக்கிறது என்று நாம் நினைக்கிற கட்டைக்குள் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

மினியாபோலிஸ் மணி:

குளிரிலேயே காளான் பறிக்கவும் செய்யலாம். ஜனவரியில் ரெண்டு நாள் உருகினால் எல்ம் மரக்கட்டையில் காட்டு எனோகி வரும். கடையில் விற்கிற வெள்ளை நூல் எனோகி இருட்டில் வளர்த்தது. காட்டில் இருப்பது ஆரஞ்சுப் பழுப்புத் தொப்பி, வழவழப்பு, தண்டின் அடி கறுத்து வெல்வெட் மாதிரி இருக்கும். விறைத்துக் கட்டியாகி, உருகினதும் மறுபடி வித்துத்தூள் கொட்ட ஆரம்பிக்கும்.

கோவை வித்துக்கூடம்:

மணி சார், இதைப் படித்துவிட்டு யாராவது காட்டுக்குக் கிளம்பப் போகிறார்கள். எச்சரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

மினியாபோலிஸ் மணி:

சரியாகச் சொன்னீர்கள். அதே மாதிரிக் கட்டையில், அதே நிறத்தில் கேலரினா மார்ஜினாட்டா என்று ஒன்று வரும். கல்லீரலைத் தின்றுவிடும், ஆளைக் கொல்லும். தொப்பியைக் காகிதத்தில் கவிழ்த்து ஒரு இரவு வைத்தால் எனோகியின் தூள் வெள்ளை, கேலரினாவின் தூள் துருப் பழுப்பு. அதற்குமேல், அனுபவமுள்ள ஒருவர் நேரில் பார்க்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

மார்க்கம் தோட்டம்:

காட்டுப் பக்கம் போக மாட்டேன், மனுசி விடமாட்டா. கடைசியாக ரெண்டு கேள்வி. வசந்தத்தில் படுக்கை உயிரோடு இருக்கிறதா என்று தோண்டாமல் எப்படிப் பார்ப்பது? அப்புறம், போட்டது போக வைன் கேப் வித்து ஒரு பை மிச்சம். தானிய வித்து, அதாவது கோதுமையில் இழை வளர்த்தது. ஃப்ரீசரில் போட்டு வைக்கலாமா? வெளியே −22 தாங்குகிறது என்றால் ஃப்ரீசர் −18 தானே.

நுண்ணோக்கி:

முதல் கேள்விக்கு: ஏப்ரல் கடைசியில், மண் நெகிழ்ந்த பிறகு, படுக்கையின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி சில்லு எடுங்கள். ஈரமாகவே பையில் போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, சமையலறை மேசையில் ஒரு வாரம் வையுங்கள். உயிர் இருந்தால் சில்லின் வெட்டு முனைகளில் வெள்ளைப் பஞ்சு நீளும், மழை பெய்த காட்டு வாசம் வரும். பச்சை பிடித்தாலோ புளித்து நாறினாலோ வேறு இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஓரம் செத்திருந்தாலும் நடு இருக்கும். நல்லபடியாக இருந்தால் புதுச் சில்லு நாலு விரல் உயரம் போட்டுவிடுங்கள், பழையதை அதற்குள் தின்று முடித்திருக்கும்.

இரண்டாவதற்கு: வேண்டாம். தோட்டத்து இழை செப்ரெம்பரிலிருந்து மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகிக்கொண்டது. உங்கள் பை அறைச் சூட்டிலிருந்து நேராக −18-க்குப் போகிறது. பழகவும் நேரமில்லை, நீர் வெளியேறவும் நேரமில்லை. போதாக்குறைக்கு, தானாக ஐஸ் கரைக்கும் ஃப்ரீசர்கள் அவ்வப்போது சூடாகி மறுபடி குளிரும், அகிலா சொன்ன அதே ஊசலாட்டம். சில துண்டுகள் பிழைக்கலாம், வித்தின் வீரியம் போய்விடும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள், சில மாதம் தாங்கும்.

கோவை வித்துக்கூடம்:

பையின் மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். வெள்ளையாகப் பூத்த கோதுமையைப் பார்த்து, கெட்டுப்போன சாமான் என்று வீட்டில் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி வாரம் ஒருவராவது எங்களுக்குப் போன் செய்கிறார்கள்.

மார்க்கம் தோட்டம்:

கட்டைகளை வடக்குப் பக்கம் படுக்கப் போட்டாச்சு, பனியும் கொட்டியாச்சு. வித்துப் பை மரக்கறித் தட்டில். மனுசிக்குச் சொல்லியும் விட்டேன்.